பிணைக்கு இருவர்

மடுல்சீமை
4 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

பார்சலில் இருப்பது நீங்கள் வாங்கிக் கொடுத்த போன். சார்ஜரும் உள்ளே இருக்கிறது. கீறல் எதுவும் இல்லை, வேண்டுமானால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளியன்று அத்தனை பேருக்கும் முன்னால், "என் காசுல வாங்குன போன நோண்டிக்கிட்டு, பேங்க் சோதனைக்குப் படிக்கிறேன்னு வீட்ட ஏமாத்துறா" என்று சொன்னீர்கள். பலகாரத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்கா அப்படியே வாசலில் நின்றுவிட்டார். எனக்கு மானம் போயிற்று. இனி அந்தப் பேச்சை நீங்கள் பேச முடியாது. போன் இல்லாமலே படித்துக்கொள்கிறேன்.

வெறும் கோபத்தில் அனுப்பவில்லை. அது பக்கத்தில் இருந்தால் கணக்குப் போடும்போதே விரல் அதைத் தேடிப் போகிறது. அது எனக்கே தெரியும், ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஹோட்டலில் எனக்கு ரிசெப்ஷன் வேலை பேசி வைத்திருப்பதாகவும், ஜனவரியில் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னீர்கள். நான் வரமாட்டேன். வங்கிப் பரீட்சை மார்ச்சில் வருகிறது. போன தடவை எழுதித் தோற்றவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவையை விட்டால் வயது தாண்டிவிடும். அதற்குப் பிறகு நான் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் விண்ணப்பம்கூடப் போட முடியாது. உங்கள் ஹோட்டல் எங்கே ஓடிப்போகப் போகிறது? வெள்ளைக்காரர்கள் ரயில் பாலம் பார்க்க எல்ல ஊருக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கடிதம் எழுதுங்கள். தேயிலைத் தோட்டத்து முகவரிக்கு வேண்டாம். ஆபீஸ் மேசையில் கிடந்து, யார் யாரோ திருப்பிப் பார்த்து, ஆறிப்போன பிறகுதான் லயத்து வீட்டுக்கு வரும். ஹிஷாம் நானா கடை, மடுல்சீமை என்று போடுங்கள். பரீட்சை அனுமதி அட்டைக்கும் அந்த முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். நீங்கள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறினீர்கள். அவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கம்சலா


எல்ல
15 நவம்பர் 2024

கம்சலா,

போன் வந்தது. இங்கே கூட வேலை செய்கிறவர்கள், தங்கச்சிக்கு மாடல் பிடிக்கவில்லையா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நல்லா இருக்கு.

அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

நீ பாஸ் பண்ணமாட்டாய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பாஸ் பண்ணிவிடுவாய் என்பதுதான் என் பயம். என் கதை உனக்குத் தெரியாததா? இதே வங்கி, இதே பரீட்சை. முதல் தடவையிலேயே பாஸ். நேர்முகத்திலும் பாஸ். அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள்? நான் வங்கிக்கு ஏதாவது நட்டம் வைத்தால் பொறுப்பேற்க, நிரந்தர வேலையில் இருக்கும் இரண்டு பேர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். கொழும்புப் பிள்ளைகளுக்கு அது ஒரு பகல் வேலை. மாமா ஒருவர், பக்கத்து வீட்டு மாஸ்டர் ஒருவர், முடிந்தது.

அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை நான். யாரிடம் போவேன்? தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். பின்னால் குசினிப் பக்கமாக வரச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. எனக்குப் படிப்பித்த மாஸ்டர், "எனக்கே ரெண்டு பொண்ணு இருக்குப்பா" என்றார். தொழிற்சங்கத் தலைவர் கொழும்புக்குப் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. தவணை முடிந்தது, வங்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

பரீட்சையில் தோற்றால் மறுபடி எழுதலாம். ஜெயித்துவிட்டு வாசல் வாசலாக நின்றவன் என்ன செய்வான்? எல்லயில் கோட்டுப் போட்டுக்கொண்டு தட்டு ஏந்துவான். நான் நின்ற வாசல்களில் நீயும் போய் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. ஜனவரியில் வந்து சேர். இங்கே யாரும் பிணை கேட்பதில்லை.

இந்திரஜித்


மடுல்சீமை
2 டிசம்பர் 2024

அண்ணா,

உங்களுக்குக் கதவைத் திறக்காதவர்களுக்குப் பயந்து நான் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா? இது என்ன நியாயம்? கோபம் அவர்கள் மேல் வர வேண்டும், என் மேல் அல்ல.

பிணை பற்றி மறக்கவில்லை. அதையும் ஒரு பாடமாகத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். நுண்ணறிவு, பொது அறிவு, ஆங்கிலம், பிணை. கடைசிப் பாடத்துக்கு மட்டும் இன்னும் புத்தகம் கிடைக்கவில்லை.

பதுளை டியூசனை நிறுத்திவிட்டேன். பசறை வழியாகக் குலுங்கிக்கொண்டு போய், அங்கே உலகத்துத் தலைநகரங்களை எல்லாம் பாடமாக்கிவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அந்த நாளே போய்விடுகிறது. அந்த டியூசன் சேர் போன வருடமும் அதையேதான் பாடமாக்க வைத்தார். பழைய வினாத்தாள்களில் தேடிப் பார்த்தேன், தலைநகரம் பற்றிக் கேள்வியே அதிகம் இல்லை. வட்டி, சதவீதம், விகிதம், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே வருவதைத்தான் படிக்கப்போகிறேன். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணி அக்கா, கைக்குழந்தைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு சாவியை என்னிடம் தருகிறார். ஏணைத் தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறேன். பால் வாசம்தான் கொஞ்சம் தூக்கத்தைக் கொண்டுவருகிறது.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அதனால்தான் ரோசத்தை விட்டுக் கேட்கிறேன். நுண்ணறிவுத் தாளை எத்தனை தடவை செய்தாலும் முடிக்க முடியவில்லை. பாதியைத் தாண்டும்போதே நேரம் போய்விடுகிறது. செய்தவை பெரும்பாலும் சரிதான். செய்து பார்த்த ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் எப்படி முடித்தீர்கள்?

வேலை பற்றிய பதில் மாறவில்லை. வரமாட்டேன்.

கம்சலா


எல்ல
21 டிசம்பர் 2024

கம்சலா,

அந்த ரிசெப்ஷன் வேலையைத் தெமோதரை ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். மெனேஜரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றது நான்தான். சந்தோசமா?

தாளைப் பார்த்தேன். பதினேழாவது கேள்வியைச் சுற்றி நீ போட்டிருக்கும் கணக்கு, பக்க ஓரத்தைத் தாண்டிப் பின்பக்கம் வரைக்கும் போயிருக்கிறது. அந்த ஒரு கேள்விக்காக ஆறேழு சுலபமான கேள்விகளைப் பலி கொடுத்திருக்கிறாய். ஏன் என்று உனக்குத் தெரியுமா? நீ கொழுந்து பறிப்பதைப் போல பரீட்சை எழுதுகிறாய்.

லீவு நாட்களில் கைக்காசுக்கு அம்மாவோடு மலைக்குப் போய்ப் பழகிய பிள்ளை நீ. ஆளுக்கொரு நிரை. அந்த நிரையில் ஒரு செடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் கங்காணி பின்னாலிருந்து சத்தம் போடுவார், திரும்பி வந்து பறிக்க வேண்டும். உன் கை அதைப் பழகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, மிகவும் சிரமப்பட்டுத்தான் அந்தப் பழக்கத்தை விட்டேன். பரீட்சை மண்டபத்தில் உன் பின்னால் கங்காணி இல்லை. முதல் சுற்றில் பார்த்தவுடன் வருவதை மட்டும் செய். யோசிக்க வைக்கும் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நட. இரண்டாவது சுற்றில் திரும்பி வா. அப்போதும் தெரியாததைத் தொடாதே, பிழையான விடைக்கு மார்க்ஸ் குறைப்பார்கள்.

இதைச் சொல்லிக் கொடுத்ததால் நான் சம்மதித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

இந்திரஜித்


மடுல்சீமை
17 மார்ச் 2025

அண்ணா,

எழுதிவிட்டேன்.

பரீட்சைக்கு முதல் நாளே பதுளைக்குப் போய் நிஷாந்தினி வீட்டில் தங்கினேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், கடை வைத்திருக்கிறார்களே, அவள்தான். காலை பஸ்ஸை நம்பிப் போயிருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கடிதத்தை அழுதுகொண்டே எழுதியிருப்பேன், ஏனென்றால் அன்றைக்கு அந்த பஸ் வரவே இல்லையாம்.

நுண்ணறிவுத் தாளில் மூன்றாவது கேள்வியே முரண்டு பிடித்தது. புள்ளி வைத்துவிட்டு நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதுகு கூசியது. யாரோ "ஏய் புள்ள, விட்டுட்டுப் போற" என்று கூப்பிடுவது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் கேள்வியைத் தொட்ட பிறகும் நேரம் மிஞ்சியிருந்தது. திரும்பி வந்து அந்த மூன்றாவதையும் பிடித்துவிட்டேன். சிலதை வெறுமையாகவே விட்டேன், தெரிந்தேதான் விட்டேன்.

எனக்கு முன்னால் இருந்த பெண் பண்டாரவளையில் ஏதோ பெரிய பள்ளிக்கூடம். வெளியே வந்ததும் எந்த டியூசன் என்று கேட்டாள். பிள்ளைக்காம்பரா என்றேன். அது எந்த டவுனில் இருக்கிறது என்று விசாரித்தாள். மடுல்சீமையில் என்றேன், எழுதி வைத்துக்கொண்டாள்.

நன்றி என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆகவே எழுதவில்லை. புரிந்துகொள்ளுங்கள்.

கம்சலா


எல்ல
30 ஜூன் 2025

கம்சலா,

பெறுபேறு இணையத்தில் வந்திருக்கிறது. உன்னிடம் போன் இல்லையே, நான்தான் பார்த்தேன். உன் பரீட்சைச் சுட்டெண் இருக்கிறது. நம்ப முடியாமல் அடையாள அட்டை எண்ணையும் போட்டுப் பார்த்தேன். நீதான். நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்.

வேலைக்கு நடுவில் பார்த்ததால் கையில் இருந்த சூப்பைக் கொஞ்சம் மேசையில் ஊற்றிவிட்டேன். அந்த மேசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி என்ன என்று கேட்டார். என் தங்கச்சி பாஸ் என்றேன். அவர் எழுந்து கை கொடுத்தார்.

இனி நான் சொல்வதைக் கேள். பிணைக்கு என்று பெரிய கிளாக்கர் வீட்டுக்கு மட்டும் போகாதே. சங்கத் தலைவரிடமும் போகாதே. நான் இங்கே ஹோட்டலுக்கு வரும் அரச உத்தியோகத்தர் ஒருவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் மனதை விட்டுவிடாதே. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இந்திரஜித்


மடுல்சீமை
18 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நேர்முகம் முடிந்தது. நல்லபடியாகவே முடிந்தது. அதை வந்து சொல்கிறேன், இப்போது வேறு விஷயம்.

தெரியாத உத்தியோகத்தரிடம் எனக்காகப் பல்லைக் காட்ட வேண்டாம். நீங்கள் சொன்னபடி யார் வீட்டுக்கும் நான் போகவில்லை. ஆனால் வங்கிக்குப் போனேன். பதுளைக் கிளையில் நேராகப் போய், பிணை நிற்பவர் யாராக இருக்க வேண்டும் என்று கவுண்டரில் கேட்டேன். அந்த மிஸ் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிரந்தர வேலை, ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்க வேண்டும், வேலை கொடுத்தவர் அதை உறுதிப்படுத்திக் கடிதம் தர வேண்டும். இருவரில் ஒருவர் சொந்தக்காரராக இருக்கலாம்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அப்புறம் கேட்டேன், தோட்டத்து செக்ரோல் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளி பிணை நிற்கலாமா என்று. அவர் ஏன் கூடாது என்று என்னையே திருப்பிக் கேட்டார். உள்ளே போய் மெனேஜரிடமும் விசாரித்துவிட்டு வந்தார். தாராளமாக நிற்கலாம் என்றார்.

அண்ணா, அம்மாவுக்கு எத்தனை வருட சேவை? நாம் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் பெயர் செக்ரோலில் இருக்கிறது. இராக்கம்மா அக்காவுக்கும் அப்படித்தான். கிளாக்கரும் மாஸ்டரும்தான் நிரந்தரம் என்று நமக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாமேதான் அப்படி நினைத்துக்கொண்டோம். மற்றவர்கள் நம்மைக் கீழே வைத்தார்கள் என்று கோபப்படுகிறோம். அம்மாவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நாம்தான்.

கம்சலா


எல்ல
29 ஆகஸ்ட் 2025

கம்சலா,

கவுண்டரில் சொல்வது ஒன்று, கொழும்பில் சொல்வது இன்னொன்றாக இருக்கும். அப்படியே சரியானாலும் அந்த உறுதிக் கடிதத்தை யார் எழுத வேண்டும்? அதே பெரிய கிளாக்கர். என்னை நிற்க வைத்தவர் அம்மாவுக்கா நாற்காலி போடப்போகிறார்? அம்மாவை அந்த ஆபீஸ் படியில் ஏற்றி அவமானப்படுத்திவிடாதே. அந்த அவமானம் என்னோடு போகட்டும்.

இந்திரஜித்


மடுல்சீமை
26 செப்டம்பர் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மன்னிக்கவும், காட்டத்தான் வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "அவன் என்னத்துக்கு எனக்காகப் பயப்படுறான்? அந்த ஆபீசுக்கு நான் மருமகளா வந்த நாள்லேருந்து போறேன்" என்றார்.

மறுநாள் காலை பெரட்டில் வேலைக்குப் பேரைக் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகாமல் அம்மாவும் இராக்கம்மா அக்காவும் கூடையோடு நேராக ஆபீசுக்கு வந்தார்கள். நான் பின்னால் நின்றேன். பெரிய கிளாக்கர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"கொழுந்து பறிக்கிறவங்க பேங்குக்குப் பிணை நிக்கிறதா? யாரும்மா இப்படிச் சொல்லி அனுப்புனது?"

"பேங்குலதாங்க சொன்னாங்க" என்றார் அம்மா.

"அது ஸ்டாஃப் ஆளுங்களுக்கு. நீங்க தொழிலாளி."

"மாசாமாசம் எங்க சம்பளத்துல சேமலாப நிதி புடிக்கிறீங்க. புடிக்கிறப்ப நிரந்தரம், கடிதம் கேட்டா மட்டும் இல்லியாங்க ஐயா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை நேரத்தில் வந்து வம்பு பண்ணுவதாகச் சொன்னார். அப்போதுதான் இராக்கம்மா அக்கா கூடையை இறக்கி வைத்தார். அவர் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். "நாங்க நிரந்தரமில்லைன்னா அதையே எழுதி, சீல் அடிச்சுக் குடுங்க. வாங்கிக்கிட்டுப் போறோம்" என்றார்.

அண்ணா, அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு காகிதத்தை அவரால் எழுதவே முடியாது, எழுதினால் தோட்டம் முழுக்கக் கேள்வி கேட்கும். இரண்டு பேரும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். தோட்ட மெனேஜர் தொரை வந்ததும் கிளாக்கர் ஓடிப்போய் முறைப்பாடு மாதிரி ஏதோ சொன்னார். தொரை பெயர்களைக் கேட்டார், செக்ரோலை எடுத்துப் பார்க்கச் சொன்னார். "நம்ம ஆளுங்கதானே, எழுதிக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் நாம் மலை என்று நினைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அன்றைக்கு இருவருக்கும் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம் போயிற்று. இராக்கம்மா அக்காவிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "போ புள்ள, என்னை ஒருத்தரும் இதுவரைக்கும் எதுக்கும் சாட்சிக்குக்கூடக் கூப்புட்டதில்ல" என்றார்.

பதுளை வங்கியில் இராக்கம்மா அக்காவும் அம்மாவும் கையெழுத்து வைத்தார்கள். சம்பள நாளில் அம்மா தன் பெயரை எழுதுகிறாரே, அதே சந்திரகாந்தி, 'கா'வில் அதே வளைந்த கால். வங்கிக்காரர்கள் நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்துதான் வைத்தார். அடுத்த மாதம் மொனராகலைக் கிளையில் வேலைக்குச் சேர்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்னை வரச்சொன்னதற்காக இல்லை. வங்கியில் உங்களுடைய இடத்தை அடுத்தவருக்கு விட்டுக் கொடுத்ததற்காக.

கம்சலா


எல்ல
9 ஒக்டோபர் 2025

தங்கச்சி,

கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. நான் அத்தனை வாசல் ஏறியும் கிடைக்காததை, நீ வீட்டுக்குள்ளேயே எடுத்துவிட்டாய் என்று.

அந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். கிளாக்கர் வீட்டிலிருந்தும் மாஸ்டர் வீட்டிலிருந்தும் திரும்பி வரும்போதெல்லாம் அம்மாதான் சோறு போட்டுத் தந்தார். ஒவ்வொரு தடவையும், "என்னாச்சு சாமி? நான் ஏதாச்சும் செய்யணுமா?" என்று கேட்டார். "ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா" என்றேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன்.

வேறொரு வங்கி விளம்பரம் போட்டிருக்கிறது. அங்கே வயது எல்லை முப்பது. எனக்கு இன்னும் ஒரு தடவைக்கு இடமிருக்கிறது. மெனேஜரிடம் இரவு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முறைத்தார், முறைக்கட்டும். உன் பழைய வினாத்தாள்களை யாருக்கும் கொடுத்துவிடாதே. ஜீவராணி அக்காவிடம் சாவிக்கும் சொல்லி வை, லீவில் வந்தால் நானும் ஏணைகளுக்கு நடுவில்தான் உட்காரப்போகிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன். போனையும் கொண்டுவருகிறேன், மொனராகலையில் உனக்குத் தேவைப்படும். இதை எதையும் அம்மாவிடம் நீ சொல்லாதே. பரீட்சை முடியட்டும், பெறுபேறு வரட்டும் என்று காத்திருக்கமாட்டேன். வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நானே அவரிடம் கேட்கிறேன், "எனக்கும் கையெழுத்து வைப்பீங்களாம்மா?" என்று.

அண்ணன்